முக்கால் அங்குலமும் 22 மில்லிமீட்டரும் ஒன்றல்ல

சமையலறையின் உள்கூரையில் ஒரு நாணயம் அளவுக்குப் பழுப்பாக ஒரு கறை. என் மனைவிதான் முதலில் பார்த்தாள். "இதுக்கு நேர் மேலதானே பாத்டப் இருக்கு?" என்று கேட்டாள். ஆமாம், நேர் மேலேதான். மூன்று வாரத்துக்கு முன்புதான் அந்த இடத்தில் நானே குழாய் வேலை பார்த்திருந்தேன்.

கிழக்கு லண்டனில், இல்ஃபோர்டில், 1930களில் கட்டிய வரிசை வீடு எங்களுடையது. வாங்கியபோதே குளியலறை படுமோசமாக இருந்தது. ஆள் வைத்துச் செய்தால் கூலி கட்டுப்படியாகாது என்று தெரிந்ததும், கேஸையும் மின்சாரத்தையும் மட்டும் உரியவர்களிடம் விட்டுவிட்டுத் தண்ணீர்க் குழாயை நான் எடுத்துக்கொண்டேன். ஊரில் அப்பா வீடு கட்டும்போது பிளம்பருக்கு உதவியாக நின்றிருக்கிறேன். ஆனால் அது பிவிசி. அறுத்து, பசை தடவி, ஒரு திருகு திருகிச் செருகினால் வேலை முடிந்தது. வீட்டுத் தண்ணீருக்கு யாரும் செப்புக் குழாய் போட்டு நான் ஊரில் பார்த்ததே இல்லை. செம்பு என்றால் குடமும் ஏசி குழாயும்தான். இங்கே, பழைய வீடு எதைத் திறந்தாலும் செம்பு.

எங்கள் வீட்டுக் குழாய்களைத் தொடர்ந்து போனால் வீட்டின் வயதையே படித்துவிடலாம். தெருவிலிருந்து உள்ளே வந்தது ஈயக் குழாய். சாம்பல் நிறம், இணைப்பில் உருண்டையாக ஒரு வீக்கம், காசால் சுரண்டினால் வெள்ளி மாதிரி பளபளக்கும். அதிலிருந்து மாடிக்குப் போனது பழைய அங்குல அளவுச் செப்புக் குழாய். அப்புறம் யாரோ சமையலறையைப் புதுப்பித்தபோது போட்ட 15 மில்லிமீட்டர் செம்பு. கடைசியாக, வாஷ்பேசினுக்குக் கீழே வெள்ளை பிளாஸ்டிக். நான்கு காலத்து வேலை ஒரே வீட்டில். என் தவறு, இரண்டாவது காலமும் மூன்றாவது காலமும் சந்தித்த இடத்தில் நடந்தது.

பாத்டப்புக்குப் போன குழாயை வெட்டி, புதுக் குழாயோடு சேர்க்க ஒரு கம்ப்ரெஷன் இணைப்பு போட்டிருந்தேன். பார்வைக்கு 22 மில்லிமீட்டர்க் குழாய்தான். கடையில் வாங்கிய 22 மில்லிமீட்டர் ஃபிட்டிங் ஏறியது, இறுக்கினேன், நின்றது. அன்றைக்கு ஒரு சொட்டுக்கூட இல்லை. கறையைப் பார்த்த அன்று இரவு பாத்டப் பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், நட்டின் அடிவிளிம்பில் ஒரு துளி. அது நிறைந்து விழ ஒரு நிமிடம் ஆனது. விழுந்ததும் அடுத்தது ஊறியது. ஸ்பேனர் எடுத்து இன்னும் அரைச் சுற்று இறுக்கினேன். துளி வேகமானது.

மறுநாள் காலையில், எங்கள் தெருவிலேயே இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவரைக் கூப்பிட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் இங்கே பிளம்பராக இருந்து ஓய்வு பெற்றவர். தரையில் படுத்து உள்ளே பார்த்தார். ஸ்பேனரோடு நின்ற என்னைப் பார்த்து, "தம்பி, இனி இறுக்காதேங்கோ. இறுக்க இறுக்கக் கூடத்தான் ஒழுகும்" என்றார். தண்ணீரை மூடி, நட்டைக் கழற்றி, பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்துக் குழாயில் வைத்துக் காட்டினார். இருபத்தொன்றரை.

"இது பழைய முக்கால் இஞ்ச் பைப். நீங்கள் போட்டது இருபத்திரண்டு."

அரை மில்லிமீட்டர். என் வீட்டுக் கூரையை நனைத்தது அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். பிரிட்டனில் 1970களின் தொடக்கத்தில் குழாய்கள் அங்குலத்திலிருந்து மில்லிமீட்டருக்கு மாறின. மாறியது அலகு மட்டுமல்ல, அளக்கும் இடமும் மாறிவிட்டது. முக்கால் அங்குலம் என்பது குழாயின் உள்வாய். 22 மில்லிமீட்டர் என்பது குழாயின் வெளிவிட்டம். முக்கால் அங்குலக் குழாயின் வெளிவிட்டம் கிட்டத்தட்ட 21.5. ஆகவே 22க்கான ஆலிவ் அதன்மேல் தளர்வாக உட்காரும். முக்கால் அங்குலத்துக்கென்றே தனி ஆலிவும் மாற்று ஃபிட்டிங்கும் விற்கிறார்கள். அரை அங்குலக் குழாயில் இந்தச் சிக்கல் இல்லை. அதன் வெளிவிட்டம் 15ஐ ஒட்டியே வருவதால் 15 மில்லிமீட்டர் கம்ப்ரெஷன் ஃபிட்டிங் நன்றாகவே பிடிக்கும். ஒன்றில் சரிப்படுவது மற்றொன்றிலும் சரிப்படும் என்று எண்ணித்தான் பலர் ஏமாறுகிறார்கள். 1970க்கு முந்தைய வீடு என்றால் வெட்டும் முன் அளந்துவிடுங்கள். மலிவான வெர்னியர் போதும்.

ஆலிவ் என்று சொன்னேன் அல்லவா, அதைக் கொஞ்சம் விளக்குகிறேன். கம்ப்ரெஷன் ஃபிட்டிங்கில் மூன்று பாகம்: உடல், நட், நடுவில் பித்தளையிலோ செம்பிலோ ஒரு சிறு வளையம். அந்த வளையம்தான் ஆலிவ். நட்டை முறுக்கும்போது ஆலிவ் நசுங்கிக் குழாயைக் கவ்வுகிறது. தண்ணீரைத் தடுப்பது ஆலிவ்தான். மரையில் எதுவும் அடைபடுவதில்லை. நான் மரை முழுக்க வெள்ளை டேப்பைச் சுற்றி வைத்திருந்தேன். அண்ணை அதை நகத்தால் உரித்துப் போட்டார். இந்த இடத்தில் அதற்கு வேலையே இல்லை. இறுக்குவதற்கும் ஒரு கணக்கு உண்டு: கையால் முடிந்தவரை திருகி, நட்டில் ஒரு கோடு போட்டு, அங்கிருந்து ஸ்பேனரால் ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று. உடலை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் குழாயும் சேர்ந்து முறுகும். கசிந்தால் கால் சுற்று கூட்டிப் பார்க்கலாம். அதற்கு மேல் போனால் ஆலிவ் குழாயையே நெரித்து உள்ளே குறுக்கிவிடும். பிறகு வெட்டி எறிய வேண்டியதுதான்.

அன்று தேநீர் குடிக்கும்போது அண்ணை சொன்னது இந்த வேலையைப் பற்றிய என் எண்ணத்தையே மாற்றியது. "பைப் லேசிலை ஒழுகாது தம்பி. ஒழுகுறது மூட்டு. ஒவ்வொரு மூட்டுப் போடேக்கையும் ஒண்டை யோசியுங்கோ: நாளைக்கு இதிலை என்ரை கை எட்டுமோ?"

அதுவரை நான் ஃபிட்டிங்கை விலையையும் வசதியையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். கை எட்டுமா என்று பார்த்தபின் எல்லாம் தானாக வரிசைக்கு வந்தது. பேசினுக்குக் கீழே, கொதிகலன் பக்கத்தில், கழற்றக்கூடிய பலகைக்குப் பின்னால் என்றால் கம்ப்ரெஷன். கழற்றி மாட்டலாம், ஸ்பேனர் போதும், நெருப்பு வேண்டாம். தரைப்பலகைக்கு அடியில், சுவருக்குள், டைல்ஸுக்குப் பின்னால் என்றால் சால்டர், அதாவது தீயில் உருக்கி ஒட்டும் உலோகக் கம்பி, வைத்த மூட்டு. முறையாக வைத்துவிட்டால் அதில் தளர ஒன்றுமில்லை, குழாயும் ஃபிட்டிங்கும் ஒரே உலோகம் மாதிரி ஆகிவிடும். பாத்டப்புக்கு அடியில் இருந்த என் பழைய மூட்டு இரண்டிலும் சேராத இடம். பலகையைக் கழற்றினால் எட்டும், ஆனால் யார் அதை மாதாமாதம் கழற்றிப் பார்க்கிறார்கள்?

சரி, குழாய்க்கு வருகிறேன். இங்கே வீட்டுக்கு வாங்குவது பெரும்பாலும் ஒரே ரகம்தான், விறைப்பான நேர்க்குழாய். அதன் மேலேயே அச்சடித்திருக்கும்: இஎன் 1057, ஆர்250, 15 × 0.7. முதலாவது தரநிலை எண். ஆர்250 என்றால் பாதி விறைப்பு, அதாவது வளைக்கும் கருவி வைத்தால் உடையாமல் வளையும். கடைசியில் இருப்பது வெளிவிட்டமும் சுவர்த் தடிப்பும். 22 மில்லிமீட்டர்க் குழாயில் தடிப்பு 0.9. ஆர்220 என்று இருந்தால் மென்மையான செம்பு, சுருளாக வரும். இந்த அச்சு இல்லாத குழாயை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், குடிநீருக்கு நான் வாங்கமாட்டேன்.

அமெரிக்காவில் இருக்கும் என் சித்தப்பா மகன், "நீ எல் டைப் போடு, எம் போடாதே" என்று போனில் சொன்னான். கடையில் போய்க் கேட்டால் யாருக்கும் புரியவில்லை. அது அமெரிக்கக் கணக்கு. அங்கே கே, எல், எம் என்று மூன்று ரகம். பச்சை எழுத்து கே, நீலம் எல், சிவப்பு எம். மூன்றுக்கும் வெளிவிட்டம் ஒன்றே, சுவர்தான் மெலிந்துகொண்டே போகும். அரை அங்குலக் குழாயில் கே 0.049 அங்குலம், எல் 0.040, எம் 0.028. எம் என்பது ஏறத்தாழ நம் 0.7 மில்லிமீட்டர்தான். ஆனால் அமெரிக்க அரை அங்குலக் குழாயின் வெளிவிட்டம் அரை அங்குலம் அல்ல, எட்டில் ஐந்து அங்குலம், அதாவது சுமார் 15.9 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் 15 ஃபிட்டிங்கில் அது நுழையவே நுழையாது. யூடியூபில் பார்த்து வேலை செய்கிறவர்கள், வீடியோ எந்த நாட்டிலிருந்து பேசுகிறது என்பதை முதலில் கவனியுங்கள்.

எங்கே 15, எங்கே 22 என்பதிலும் நான் தடுமாறினேன். பெரிய குழாய் போட்டால் நல்லதுதானே என்று நினைப்போம். 22 மில்லிமீட்டர்க் குழாயின் உள்வாய், 15ஐப் போல இரண்டு மடங்குக்கும் மேல் பரப்புள்ளது. அதனால் பாத்டப் சீக்கிரம் நிரம்பும், முக்கியமாக மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்கும் வீடுகளில். ஆனால் அதே காரணத்தால் அது தன்னுள் தண்ணீரையும் அதிகம் பிடித்து வைத்திருக்கும். மீட்டருக்கு 15இல் சுமார் 0.15 லிட்டர், 22இல் 0.32 லிட்டர். கொதிகலனிலிருந்து 10 மீட்டர் தள்ளி இருக்கும் பேசினுக்கு 22 போட்டால், ஒவ்வொரு முறையும் மூன்று லிட்டருக்கு மேல் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டிய பிறகுதான் சுடுதண்ணீர் வரும். ஜனவரி மாதக் காலையில் குழந்தையின் முகத்தைக் கழுவ நிற்கும்போது அந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். ஆகவே பாத்டப்புக்கும் தாய்க்குழாய்க்கும் 22, பேசினுக்கும் கழிப்பறைக்கும் சமையலறைத் தொட்டிக்கும் 15.

இனி சால்டர். என்னை அதிகம் பயமுறுத்தியது இதுதான், இப்போது எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். ஃபிட்டிங்கில் இரண்டு வகை. ஒன்றில் வாயின் உள்ளே சால்டர் வளையமாகவே இருக்கும், யார்க்‌ஷயர் ஃபிட்டிங் என்று கேட்டால் கொடுப்பார்கள். மற்றது வெறும் செம்பு, சால்டர் கம்பியை நாம் ஊட்ட வேண்டும். இரண்டாவது மலிவு. முதலில் கற்றுக்கொள்கிறவர்கள் வளையம் உள்ளதை வாங்குங்கள், எவ்வளவு சால்டர் வேண்டும் என்ற கவலை இருக்காது. சால்டர் ஈயம் கலக்காததாக இருக்க வேண்டும். குடிநீர்க் குழாயில் ஈய சால்டர் இங்கே சட்டப்படி கூடாது. ஆனால் அந்தச் சுருள் கடைகளில் வேறு வேலைக்கென்று இன்னும் கிடைக்கிறது. சுருளைத் திருப்பி அதில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

முறையை அண்ணை எனக்குத் தோட்டத்தில், துண்டுக் குழாய்களில் செய்து காட்டினார். ஒரு மணி நேரத்தில் பத்து மூட்டு. பைப் கட்டரால் சுற்றி வெட்டு. வெட்டிய வாயில் உள்பக்கம் ஒரு கூர்விளிம்பு மடிந்து நிற்கும், அதைச் சுரண்டி எடு. விட்டுவைத்தால் தண்ணீர் அங்கே சுழித்துச் சுழித்து, வருடக்கணக்கில் செம்பையே அரித்துவிடும். பிறகு குழாயின் வெளிப்பக்கத்தையும் ஃபிட்டிங்கின் உள்பக்கத்தையும் கம்பிப் பஞ்சால் தேய். புதுக் காசு மாதிரி மின்ன வேண்டும். மின்னியபின் விரல் படக் கூடாது. ஃப்ளக்ஸ், அதாவது சால்டர் ஒட்ட உதவும் பசை, மெல்லியதாக ஒரு பூச்சு, குழாயில் மட்டும். செருகி ஒரு திருப்பு. தீயை ஃபிட்டிங்கின்மேல் காட்டு, சால்டர்மேல் காட்டாதே. ஃப்ளக்ஸ் முதலில் கொதித்துப் புகையும், அப்புறம் அடங்கும். அப்போது தீக்கு எதிர்ப்பக்கத்தில் சால்டர் கம்பியைத் தொட்டால், அது உருகி, ஒரு நொடியில் இடுக்குக்குள் ஓடி, மூட்டைச் சுற்றி வெள்ளிக் கோடாக வந்து நிற்கும். தீ இருக்கும் பக்கத்தை நோக்கி அது மேல்முகமாகக்கூட ஏறும். அந்தக் கோட்டை முதல்முறை பார்த்தபோது நான் சத்தம் போட்டே சிரித்தேன். 15 மில்லிமீட்டர் மூட்டுக்கு 15 மில்லிமீட்டர்க் கம்பி போதும். ஆறும்வரை அசைக்கக் கூடாது.

ஆறியதும் ஈரத்துணியால் துடைப்பதை விட்டுவிடாதீர்கள். நான் இரண்டு மூட்டைத் துடைக்காமல் விட்டேன். அடுத்த மாதம் பார்த்தால், ஃப்ளக்ஸ் வழிந்த தடத்திலெல்லாம் பச்சை. அண்ணையிடம் காட்டினேன். "செம்பிலை களிம்பு கூடவே பிறந்தது எண்டு சித்தாந்தத்திலை சொல்லுவினம். இது நீங்கள் வைச்ச களிம்பு" என்று சொல்லி, துணியைக் கையில் கொடுத்தார். வெளியே இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. உள்ளே வழிந்த ஃப்ளக்ஸ் தெரியாது, அது குழாயை உள்ளிருந்து குழி குழியாகத் தின்னும். அதனால்தான் மெல்லிய பூச்சு, குழாயில் மட்டும். வேலை முடிந்ததும் எல்லாக் குழாயையும் திறந்து நன்றாக ஓடவிட வேண்டும்.

உண்மையான இடத்தில் முதல் மூட்டு வைக்கப் போனபோது சால்டர் ஒட்டவேயில்லை. கம்பி உருண்டு உருண்டு கீழே விழுந்தது. வீட்டுக்கு வரும் தண்ணீரை மூடும் ஸ்டாப்காக் பழையது, முழுசாக மூடவில்லை, குழாய்க்குள் ஒரு கசிவு வந்துகொண்டே இருந்தது. தண்ணீர் இருக்கும்வரை செம்பு நூறு டிகிரிக்கு மேல் ஏறாது, சால்டர் உருக இருநூறுக்கு மேல் வேண்டும். அண்ணைக்குப் போன் செய்தேன். "வீட்டிலை பாண் இருக்கோ?" என்றார். எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிரெட். "வெள்ளைப் பாண். கரையை எடுத்துப்போட்டு, நடுப்பஞ்சை உருட்டிக் குழாய்க்குள்ளை தள்ளுங்கோ. தண்ணியைக் கொஞ்ச நேரம் பிடிக்கும், கெதியாப் பத்தவையுங்கோ." அப்படியே செய்தேன், பிடித்தது. பிறகு தண்ணீரைத் திறந்ததும் அது கரைந்து போய்விடும். ஆனால் வடிகட்டி வைத்த குழாய் வழியாக விடாதீர்கள். பாத்டப் குழாய் வழியாக விடுங்கள். அந்த வாரமே ஸ்டாப்காக்கையும் மாற்றினேன்.

தீயைப் பற்றி ஒரு வார்த்தை. நூறு வருடத்தை நெருங்கும் காய்ந்த மரத்துக்கு இரண்டு அங்குலத்தில் நின்று தீயைப் பிடிக்கிறோம். தீத்தடுப்பு விரிப்பு பின்னால் வேண்டும், தண்ணீர் தெளிப்பான் கைக்கெட்டும் இடத்தில் வேண்டும். முடித்தபின் ஒரு மணி நேரமாவது வீட்டை விட்டுப் போகக் கூடாது. முடிந்தவரை மூட்டை மேசையில் வைத்துப் பற்றவைத்து, பிறகு கொண்டுபோய்ப் பொருத்துங்கள். கேஸ் குழாயும் இதே 15 மில்லிமீட்டர்ச் செம்புதான், இதே மாதிரிதான் இருக்கும். எது எங்கே போகிறது என்று தெரியாமல் எதையும் வெட்டாதீர்கள். கேஸ் என்றால், கேஸ் வேலைக்கான 'கேஸ் சேஃப்' பதிவேட்டில் பெயர் உள்ளவர் மட்டும்தான்.

தள்ளிச் செருகும் ஃபிட்டிங்கைப் பற்றிக் கேட்பீர்கள். உள்ளே ரப்பர் வளையமும் எஃகுப் பற்களும் இருக்கும், தள்ளினால் பிடித்துக்கொள்ளும். நெருப்பு காட்ட முடியாத இடத்தில் அது வரம்தான். நானும் இரண்டு போட்டிருக்கிறேன். ஆனால் வெட்டிய விளிம்பு வழவழப்பாக இல்லாவிட்டால் ரப்பர் கிழியும். குரோம் பூசிய குழாயில் பற்கள் இறங்காது, வழுக்கிக் கழன்றுவிடலாம், அங்கே கம்ப்ரெஷன்தான். இன்னொன்றை எலக்ட்ரீஷியன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பழைய வீடுகளில் குழாயோடு பச்சையும் மஞ்சளுமான ஒரு கம்பியைக் கட்டியிருப்பார்கள். மின்கசிவு வந்தால் காப்பாற்றும் இணைப்பு அது. நடுவில் பிளாஸ்டிக் ஃபிட்டிங் வைத்தால் செம்பின் தொடர்ச்சி அறுந்துவிடும், கம்பி பார்வைக்கு மட்டும் இருக்கும். நான் அப்படித்தான் வைத்திருந்தேன். அவர் மீட்டர் வைத்துக் காட்டியபோது எனக்குக் கை நடுங்கியது. அந்தக் கம்பி கட்டிய குழாயை வெட்டும் முன் எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

கிளிப்பையும் எண்ணி வாங்குங்கள். படுக்கையாகப் போகும் 15க்கு 1.2 மீட்டருக்கு ஒன்று, 22க்கு 1.8 மீட்டருக்கு ஒன்று. அதே சமயம் மரத்தோடு நெருக்கிக் கட்டிவிடவும் கூடாது. 10 மீட்டர்ச் செம்பு 50 டிகிரி சூடேறினால் எட்டு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். இடம் கொடுக்காவிட்டால் இரவெல்லாம் தரைக்கடியில் டிக் டிக் என்று கேட்கும். சிமென்ட் தரைக்குள் போவதென்றால் வெறும் குழாயாகப் புதைக்காதீர்கள், உறைக்குள் போகவேண்டும்.

ஈயக் குழாயை மறுவருடம் மாற்றினோம். நம் எல்லைக்குள் இருப்பதை நாம் மாற்றினால், தெருப்பக்கத்தைத் தண்ணீர் நிறுவனம் தன் செலவில் மாற்றித் தந்தது. பழைய வீட்டில் இருப்பவர்கள் இதைத் தள்ளிப்போடாதீர்கள், அதிலும் சிறு குழந்தை இருந்தால்.

பாத்டப்புக்குக் கீழே இப்போது முக்கால் அங்குலத்திலிருந்து 22க்கு மாறும் சால்டர் மூட்டு இருக்கிறது. பலகையில் ஒரு சிறு கதவும் வெட்டிவிட்டேன், டார்ச்சோடு கை நுழையும் அளவுக்கு. பழைய குழாயின்மேல், வருங்காலத்தில் யார் குனிந்து பார்த்தாலும் தெரியும்படி, கறுப்பு மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன்: முக்கால் அங்குலம், 22 அல்ல.